மூன்று டன் லோரி வாங்குங்கள், ஐயா

மதிப்பிற்குரிய நம் கூட்டுறவுத் தலைவர், செயலாளர், பொருளாளர் ஐயாக்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் சுங்கை சிப்புட்டிலிருந்து வணக்கம்.

பழைய பிக்கப்பைத் தள்ளிவிட்டுப் இரண்டு வரிசை இருக்கை வைத்த புதிய டபுள் கேப் பிக்கப் எடுக்கப் போகிறீர்கள் என்று அறிவிப்புப் பலகையில் பார்த்தோம். படமும் ஒட்டியிருந்தீர்கள். ராஜகளைதான். ஆனால் தயவுசெய்து முன்பணம் கட்டிவிடாதீர்கள். நமக்கு வேண்டியது மூன்று டன் லோரி.

போன மழையில் மேட்டுத் தீம்பாரில், அதாவது மேட்டுத் தோட்டப் பகுதியில், நடந்தது உங்களுக்குத் தெரியாததல்ல. பின்பாரம் தாங்காமல் முன் சக்கரம் லேசாகி, ஸ்டியரிங் பேச்சுக் கேட்காமல், ஸ்பிரிங் பட்டை முறிந்து வண்டி வாய்க்கால் பக்கம் சாய்ந்தது. ஏற்றியிருந்தது, வீட்டுக்காரரை இழந்து தனியாகக் காணியைப் பார்க்கும் அக்காவின் செம்பனை (எண்ணெய்ப் பனை) குலைகள். இறக்கிப் போட்டவை இரவெல்லாம் சேற்றில் கிடந்தன. டார்ச் விளக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு அவர் உதிர்ந்த பழங்களைப் பொறுக்கிச் சாக்கில் போட்டார். மறுநாள் ஆலைக்குப் போகாமல், பழம் வாங்கும் வியாபாரி தவுக்கே சொன்ன விலைக்கே போயிற்று. வெட்டிய பழம் 24 மணி நேரத்துக்குள் ஆலை சேர வேண்டும், அடிபட்டுக் கிடந்தால் அமிலம் ஏறும் என்று எங்களுக்கு வகுப்பெடுத்ததும் நீங்கள்தான்.

கூட்டத்தில் ஒருவர் விளம்பரத் தாளை ஆட்டி, “மூன்றரை டன் இழுக்கும்” என்றார். ஐயா, அது பிரேக் வைத்த டிரெய்லரைப் பின்னால் கட்டி இழுக்கும் கணக்கு. முதுகில் சுமக்கும் கணக்கு வேறு. அனுமதித்த மொத்த எடையில் வண்டியின் சொந்த எடையைக் கழித்தால் இந்த ரகத்தில் சுமார் ஒரு டன்தான் மிஞ்சும். ஆளும் சுமைதான். ஓட்டுநரும் வெட்டுக்காரர் மூவரும் ஏறினால் 280 கிலோ போய்விடும். குலை 20 கிலோ என்று வையுங்கள், மீதியில் 36 குலை ஏறும். இளைஞர்கள் ஆசைப்படும் ஃபோர்டு ரேஞ்சர் ராப்டரோ சாதாரண ரேஞ்சரைவிடக் குறைவாகத்தான் ஏற்றும். பார்வைக்கு முரடு, பாரத்துக்குச் சாது.

அமெரிக்காவில் ஃபோர்டின் எஃப்-150 பிக்கப் போதாதவர் எஃப்-250 என்னும் கனரகப் பிக்கப்புக்கு ஏறிக்கொள்ளலாம். நம் ஊர்க் கடைகளில் அந்த நடுப்படி இல்லை. ஒரு டன் பிக்கப், அதை விட்டால் லோரி.

லோரி என்றால் சரக்கு வண்டி ஓட்டும் ஜி.டி.எல். உரிமம் வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை புஸ்பாகோம் போன்ற நிலையத்தில் வண்டிப் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்கிறீர்கள். உண்மை, தொல்லைதான். ஆனால் வண்டியின் சொந்த எடை 3,500 கிலோவுக்குள் இருந்தால் ஓட்டுநர் தம்பியிடம் உள்ள டி (கார்) லைசென்ஸோடு ஜி.டி.எல். எடுத்தால் போதும். அந்தச் செலவைச் சங்கம் ஏற்கலாமே.

1960-இல் அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவைத் தொடங்கி, தோட்டப் பாட்டாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டமே வாங்கினார். அவர் பிறந்த ஊரில் நாம் தோல் இருக்கை வாங்குகிறோம். கோலாலம்பூர் கூட்டங்களுக்குக் கசங்காமல் போய்வரலாம், திருவிழாவில் கோயில் வாசலில் நிறுத்தி மாலையும் போடலாம். மேட்டுச் சாலைக்குக் கல் கொட்டச் சொன்னால் மட்டும் நிதி இருக்காது.

மன்னிக்கவும், சண்டை போட வரவில்லை. பாரம் தாங்கும் லோரிதான் கேட்கிறோம். அடுத்த கூட்டத்துக்கு இரண்டு வண்டிகளின் விலை, சொந்த எடை, மொத்த எடை மூன்றையும் எழுதிக் கொண்டு வாருங்கள். ஓட்டுநர் தம்பியையும் பேச விடுங்கள். அதுவரை எந்தத் தாளிலும் கையெழுத்திட வேண்டாம் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சந்தா பாக்கி இல்லாத உறுப்பினன்