ஆன்டெனா உயரமும் கேபிள் நீளமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டிலிருந்தே விமானங்களின் சிக்னலைப் பிடிப்பது பற்றிய கட்டுரையில் ஆன்டெனாவை உயரத்தில் வைக்கச் சொன்னது சரி. ஆன்டெனாவிலிருந்து ரிசீவருக்கு இறங்கும் கேபிளைப் பற்றிப் பேச்சே இல்லை. தான் இருக்கும் இடத்தைச் சொல்லி விமானம் அனுப்பும் 1090 மெகாஹெர்ட்ஸ் சிக்னலைக் கேபிளே தின்றுவிடும். மெல்லிய ஆர்ஜி-58 வகைக் கேபிள் மீட்டருக்கு அரை டெசிபலுக்கு (சிக்னல் இழப்பை அளக்கும் அலகு) மேல் விழுங்கும். 10 மீட்டர் போட்டால் வந்த சிக்னலில் மூன்றில் ஒரு பங்குகூட ரிசீவருக்குப் போய்ச் சேராது. டிஷ் டிவிக்குப் போடும் ஆர்ஜி-6 கேபிளில் இழப்பு மீட்டருக்குச் சுமார் 0.2 டெசிபல்தான். அதன் மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) 75 ஓம், ரிசீவருடையது 50 ஓம், இரண்டும் பொருந்தாதே என்று பலர் தயங்குகிறார்கள். அந்தப் பொருத்தமின்மையால் போவது 0.2 டெசிபல்கூட இல்லை.

கேபிள் நீளம் தவிர்க்க முடியாதென்றால் சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயரை ஆன்டெனாவின் அடியிலேயே மாட்டுங்கள். கீழே ரிசீவர் பக்கம் மாட்டினால் தேய்ந்த சிக்னலோடு இரைச்சலும் சேர்ந்து பெருகும், அவ்வளவுதான். ரிசீவரையே மேலே வைத்து நெட்வொர்க் கேபிளை இறக்குவது இன்னும் நல்லது, வெயில் சூட்டைச் சமாளிக்க முடிந்தால்.

ஆன்டெனா செங்குத்தாக, சுவரையும் தண்ணீர்த் தொட்டியையும் தாண்டி நிற்கட்டும். கனெக்டரில் ஈரம் இறங்கினால் சிக்னல் பிடிக்கும் தூரம் மெல்லச் சுருங்கும், காரணம் பிடிபடாது. சுயமாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்