பூனை தேடிப் போன மனிதர்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இதை நீயே படிக்க முயலாதே, மருமகளை வாசிக்கச் சொல்.

‘ஏலியன்’ படத்தில் பூனையைத் தேடிப் போய் மாட்டிக்கொள்வாரே, தொப்பி போட்ட ஒல்லி மனிதர், அவர் யார் என்று கேட்டிருந்தாய். ஹாரி டீன் ஸ்டான்டன். சாகப்போகிறவர், மேலேயிருந்து சொட்டும் தண்ணீரில் தொப்பியைக் கழற்றிவிட்டு முகம் நனைய நிற்பார். அந்தப் படத்தில் எனக்கு மறக்காத இடம் அதுதான்.

1926-இல் கென்டக்கியில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் கடற்படைக் கப்பலில் சமையல்காரர், ஒகினாவா சண்டையையும் பார்த்தவர். அப்புறம் 1950களிலிருந்து டிவியில் ‘கன்ஸ்மோக்’ மாதிரி கௌபாய் தொடர்கள். முகம் எல்லோருக்கும் தெரியும், பெயர்தான் தெரியாது. நீயும் அப்படித்தானே கேட்டாய்!

1960களில் அவருடைய நண்பர், நடிகர் ஜாக் நிக்கல்சன், தான் எழுதிய ஒரு படத்தில் ஒற்றைக்கண் கொள்ளைக்காரன் வேடம் கொடுத்தார். ஒரே நிபந்தனை: நீ எதுவும் செய்யாதே, உடையே நடிக்கட்டும். ஸ்டான்டன் அதை ஆயுசுக்கும் பிடித்துக்கொண்டார்.

அவருக்குக் கதாநாயகன் வேடம் கிடைத்தது ஐம்பத்தேழு வயதில். விம் வெண்டர்ஸ் இயக்கிய ‘பாரிஸ், டெக்சாஸ்’. 1984-இல் கான் திரைப்பட விழாவில் முதல் பரிசான தங்கப் பனை வாங்கிய படம். சிவப்புத் தொப்பியோடு பாலைவனத்தில் நடந்து வருவார், முதல் இருபது நிமிடத்துக்கு ஒரு வார்த்தை பேசமாட்டார். கடைசியில் மனைவியிடம் பேசும் இடம். நடுவே ஒரு கண்ணாடி: இவருக்கு அவள் தெரிவாள், அவளுக்கு இவர் தெரியமாட்டார். அப்படியும் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, போனில் தங்கள் கதையை யாரோ இருவர் கதைபோலச் சொல்வார். வாய்ப்பு ரொம்பத் தாமதமாக வந்தது என்பாய் நீ. எனக்கு அப்படித் தோன்றவில்லை. முப்பது வயது முகத்தை வைத்துக்கொண்டு அப்படி உட்கார முடியாதுடா.

ஸ்டான்டனோ, எம்மெட் வால்ஷ் என்ற இன்னொரு நடிகரோ துணை வேடத்தில் இருந்தால் அந்தப் படம் முழு மோசமாக இருக்காது என்று விமர்சகர் ரோஜர் ஈபர்ட் ஒரு விதியே வைத்திருந்தார். பிறகு ஒரு படம் அதையும் பொய்யாக்கிவிட்டது என்று அவரே ஒப்புக்கொண்டது வேறு விஷயம்.

2017 செப்டம்பரில், தொண்ணூற்றொரு வயதில் இறந்தார். இரண்டு வாரத்தில் அவர் நடித்த ‘லக்கி’ படம் வெளிவந்தது. அதில் ஒரு சிறுவனின் பிறந்தநாள் விருந்தில், யாரும் எதிர்பாராமல் ஸ்பானிஷ் பாட்டு ஒன்றைப் பாடுவார். குரல் லேசாக நடுங்கும். முதலில் பேச்சு ஓயும், பிறகு வாத்தியக்காரர்கள் சேர்ந்துகொள்வார்கள்.

டாக்டர் சரி என்றதும் இங்கே வா, சேர்ந்து பார்ப்போம். நான் தனியாக இரண்டு தடவை பார்த்தாயிற்று. சொட்டு மருந்தை மறக்காதே.

அன்புடன்,
ராஜு