ரத்தம் உறையாமைக்கான மாத்திரை உட்கொள்பவருக்கு எச்சரிக்கையின்றி ஆஃப்லாக்சசின் – ஆர்னிடசோல் வழங்கியது குறித்த புகார்

அனுப்புநர்:
நோயாளியின் மகள், மதுரை.
(பெயர், முகவரி, வாடிக்கையாளர் எண் ஆகியவை தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன.)

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
இணையவழி மருந்து விற்பனை நிறுவனம்.

பொருள்: ஒன்றோடொன்று சேரக்கூடாத மருந்துகளை ஒரே நோயாளிக்கு, ஒரே கணக்கில் வழங்கியமை – விளக்கமும் நடவடிக்கையும் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். என் தாயாருக்குச் சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் இதயத்தின் மைட்ரல் வால்வைப் பாழாக்கிவிட்டதால், அதை அகற்றிவிட்டுச் செயற்கை வால்வு பொருத்தியிருக்கிறார்கள். அந்த வால்வில் ரத்தம் கட்டிவிடாமல் இருக்க, அசெனோகூமரால் மாத்திரையை அவர் ஆயுள் முழுதும் உட்கொண்டாக வேண்டும். அந்த மாத்திரையை மாதந்தோறும் தங்கள் நிறுவனத்திடமே வாங்கி வருகிறோம். அப்படியிருக்க, சென்ற ஆடி மாதம் அவருக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட்டபோது, தங்கள் செயலி வழியாகப் பேசிய மருத்துவர் ஆஃப்லாக்சசினும் ஆர்னிடசோலும் சேர்ந்த ஆன்டிபயாடிக் கூட்டு மாத்திரையை எழுதிக் கொடுத்தார். தங்கள் மருந்தகம் அதை மறுநாளே வீட்டுக்கு அனுப்பி வைத்தது. அந்த மாத்திரைகள் தீரும் தறுவாயில் என் தாயாருக்கு ரத்தக்கசிவு தொடங்கி, மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. இது குறித்து நான் முதலில் அனுப்பிய மின்னஞ்சலுக்குத் தாங்கள் அளித்த பதில் எனக்கு ஏற்புடையதாக இல்லாததால், இந்தப் புகாரை எழுத்துபூர்வமாக அனுப்புகிறேன்.

அசெனோகூமரால் உட்கொள்ளும் ஒருவர் எவ்வளவு கட்டுப்பாட்டோடு வாழ்கிறார் என்பதை மாத்திரை அனுப்புபவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதால் சிலவற்றைச் சொல்கிறேன். எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கும் நாட்காட்டியில், ஒரு நாள் இரண்டு மில்லிகிராம், மறுநாள் மூன்று மில்லிகிராம் என்று அம்மா தம் கைப்படக் குறித்து வைத்திருக்கிறார். மாத்திரை போட்டதும் அந்தத் தேதியைப் பேனாவால் அடிப்பார். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை முடிவுகளுக்கென்று தனி நோட்டு இருக்கிறது. சாதாரணமாக ஒன்றையொட்டி இருக்கும் இந்த அளவு, மைட்ரல் இடத்தில் செயற்கை வால்வு உள்ளவர்களுக்கு 2.5-க்கும் 3.5-க்கும் இடையில் நிற்க வேண்டும். குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டி பக்கவாதம் வரலாம். கூடினால் உடலுக்குள் எங்கு வேண்டுமானாலும் ரத்தம் கசியலாம். முருங்கைக்கீரையில் வைட்டமின் கே மிகுதி என்பதால், ஒரு வாரம் அதிகமாகவும் மறு வாரம் அறவே இல்லாமலும் சாப்பிடக்கூடாது என்று இதய மருத்துவர் சொன்னதைக்கூட அவர் தவறாமல் கடைப்பிடிக்கிறார். வயிற்றுப்போக்கு வருவதற்கு முன் நோட்டில் கடைசியாக எழுதப்பட்டிருந்த அளவு 2.9.

தங்கள் மருத்துவர் பேசிய அன்று நான் அருகிலேயே இருந்தேன். இதயத்தில் வால்வு வைத்திருப்பதையும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுவதையும் அம்மா தாமாகவே சொன்னார். மருத்துவர் அடுத்து ஒவ்வாமை உண்டா என்று கேட்டார். மாத்திரையின் பெயரைக் கேட்கவில்லை. ஐ.என்.ஆர். பற்றியும் ஒரு வார்த்தை பேசவில்லை. மருந்துச் சீட்டு உடனே செயலிக்கு வந்துவிட்டது. பெட்டியோடு வந்த ரசீதில் பதிவு பெற்ற மருந்தாளுநரின் பெயர் அச்சிடப்பட்டிருந்தது. அவரிடமிருந்து எங்களுக்கு எந்த அழைப்பும் வரவில்லை. பெரும்பாலான வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலே போதும் என்பதை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சொல்வார்கள். இருந்தாலும் ஆன்டிபயாடிக் அவசியமா இல்லையா என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபடலாம் என்பதால், அதைப் பற்றி நான் வாதாடவில்லை. அவசியமென்றே வைத்துக்கொண்டாலும், அதைத் தொடங்கிய மூன்று நான்கு நாட்களுக்குள் ஐ.என்.ஆர். பார்த்து அசெனோகூமரால் அளவைக் குறைத்திருக்க வேண்டும். அதைச் சொல்ல ஒருவர்கூட இல்லை என்பதே என் புகார்.

முதலில் பல் துலக்கும்போது ஈறிலிருந்து ரத்தம் நிற்காமல் வந்தது. அடுத்து முழங்கைக்குக் கீழே, எங்கும் இடித்துக்கொள்ளாமலேயே, நாவல்பழ நிறத்தில் திட்டுகள் தோன்றின. சிறுநீர் சிவந்து போனதும் மருத்துவமனைக்கு ஓடினோம். அங்கே ஐ.என்.ஆர். 9.4 என்று வந்தது. மூளையில் கசிவு இருக்கிறதா என்று உடனே சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள், இல்லை என்று தெரியும்வரை நாங்கள் பட்ட பாட்டை இங்கே விவரிக்க விரும்பவில்லை. சிகிச்சையும் எளிதாக இல்லை. வைட்டமின் கே ஊசியைத் தாராளமாகப் போட்டால் ரத்தக்கசிவு நின்றுவிடும். ஆனால் செயற்கை வால்வில் கட்டி உருவாகும் ஆபத்து வந்துவிடும். எனவே மிகச் சிறிய அளவில் ஊசி போட்டு, பிளாஸ்மா ஏற்றி, அளவு இறங்கிய பிறகு, ரத்தம் உறையாமைக்கான ஹெப்பாரின் மருந்தைத் தொடங்கி, மறுபடி மாத்திரைக்கு வந்தார்கள். ஒரு பக்கம் ரத்தப்போக்கு, மறுபக்கம் வால்வு அடைப்பு என்று இரண்டுக்கும் நடுவே அவரை நடத்திக் கொண்டுவந்த அந்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் நாங்கள் என்றென்றும் கடமைப்பட்டிருக்கிறோம்.

இது எதிர்பாராமல் நேர்ந்த ஒன்று என்று தங்கள் பதிலில் எழுதியிருக்கிறீர்கள். அதை என்னால் ஏற்க முடியாது. வைட்டமின் கே உடலில் மீண்டும் மீண்டும் பயன்படுவதைத் தடுத்து, ரத்தம் உறைவதற்கான புரதங்களைக் கல்லீரல் குறைவாக உண்டாக்கும்படி செய்வதே அசெனோகூமரால், அதே வகையைச் சேர்ந்த வார்ஃபரின் ஆகியவற்றின் வேலை. மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் இவற்றைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை மட்டுப்படுத்துவதால் மாத்திரையின் வீரியம் ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும். அதே குடும்பத்தைச் சேர்ந்த ஆர்னிடசோலின் மருந்துக் குறிப்பிலும் இந்த எச்சரிக்கை உண்டு. ஆஃப்லாக்சசினுக்கும் உண்டு. குடலில் வைட்டமின் கே தயாரிக்கும் நுண்ணுயிர்களை ஆன்டிபயாடிக் அழிப்பதும், வயிற்றுப்போக்கு வந்தவர் சரியாகச் சாப்பிடாததும் இவற்றோடு சேர்ந்துகொள்கின்றன. முன்பே அறியப்படாத ஒவ்வாமை ஒருவருக்கு வந்தால் அதை எதிர்பாராதது என்று சொல்லலாம். மருந்தியல் பாடநூலில் அச்சாகியிருக்கும் ஒன்றை, மருந்து விற்பதையே தொழிலாகக் கொண்ட நிறுவனம் அப்படிச் சொல்லக்கூடாது. எல்லா மருந்துக்கும் பக்கவிளைவு உண்டு என்ற தங்கள் வாக்கியம் உண்மைதான். ஆனால், எந்தெந்த மருந்தைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று தெரிந்திருக்கும்போது வாய் திறக்காமல் இருந்ததற்கு அது சமாதானம் ஆகாது.

தாங்கள் இடைத்தரகர் மட்டுமே என்றும், பொறுப்பு பரிந்துரைத்த மருத்துவருடையது என்றும் எழுதியிருக்கிறீர்கள். பரிந்துரைத்த மருத்துவர் தங்கள் செயலியில் இருந்தவர். மருந்தை அனுப்பியது தங்கள் மருந்தகம். அசெனோகூமரால் தீரப்போகிறது என்று மாதாமாதம் தேதி தவறாமல் குறுஞ்செய்தி அனுப்புவதும் தாங்களே. அம்மா எந்த மாத்திரையை, எந்த அளவில், எத்தனை காலமாக உட்கொள்கிறார் என்பது தங்கள் கணினிக்குத் தெரியும். அடுத்த விற்பனைக்காக நினைவில் வைத்திருக்கும் அந்த விவரத்தை, ஒரு விற்பனையை நிறுத்திக் கேள்வி கேட்பதற்கும் பயன்படுத்தியிருக்க வேண்டும். விவரங்கள் மருந்துப் பக்கத்தில் உள்ளன என்கிறீர்கள். அவை ஆங்கிலத்தில், பக்கத்தின் அடியில், பல முறை தள்ளிய பிறகே கண்ணில் படுகின்றன. அம்மாவுக்குத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும்.

இந்தக் குறை ஒரு மருந்தோடு நிற்கவில்லை. மருத்துவமனையிலிருந்து திரும்பிய பின், ஆபத்தான சேர்க்கைகள் என்று மருத்துவர்கள் சொன்ன சிலவற்றைத் தங்கள் செயலியின் கூடையில் இட்டுப் பார்த்தேன். நெஞ்சுவலிக்கான ஐசோசார்பைடு நைட்ரேட் வகை மாத்திரையையும் ஆண்மைக்குறைவுக்கான சில்டெனாஃபிலையும் சேர்த்து உட்கொண்டால் ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்குச் சரியலாம். மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை மட்டும் எடுக்க வேண்டிய மெத்தோட்ரெக்சேட்டோடு ட்ரைமெத்தோப்ரிம் – சல்ஃபாமெத்தாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக் சேர்ந்தால் எலும்பு மஜ்ஜை முடங்கலாம். ரத்த அழுத்தத்துக்கான டெல்மிசார்டானும் சிறுநீர் பிரிக்கும் மாத்திரையும் உட்கொள்ளும் முதியவருக்கு மூட்டுவலிக்கென்று அசிக்ளோஃபினாக் கொடுத்தால் சிறுநீரகம் திடீரெனச் செயலிழக்கலாம். நம் ஊர்களில் கடைசியாகச் சொன்ன இந்த மூன்று மருந்துகளும் ஒரே வீட்டு மருந்துப் பெட்டியில் கிடப்பது சர்வ சாதாரணம். இந்தச் சேர்க்கைகளில் எதற்கும் தங்கள் செயலி மருந்துச் சீட்டைக் கேட்டதே தவிர, ஒரு எச்சரிக்கையும் காட்டவில்லை. திரைப் பதிவுகளை இணைத்திருக்கிறேன்.

மருந்தாளுநர் நோயாளியிடம் பேசி, மருந்துகளின் பக்கவிளைவுகளையும் ஒன்றோடொன்று மோதும் தன்மையையும் விளக்க வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டின் மருந்தியல் தொழில் ஒழுங்குமுறை விதிகள் கூறுகின்றன. 2020 மார்ச்சில் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகளின்படி, தொலைவிலிருந்து பார்க்கும் மருத்துவர் அந்த ஆலோசனையின் பதிவுகளையும் மருந்துச் சீட்டையும் பாதுகாத்து வைத்திருக்க வேண்டும். அந்தப் பதிவுகளின் முழு நகல் எனக்கு வேண்டும். மருந்துச் சீட்டைச் சரிபார்த்ததாக ரசீதில் பெயர் உள்ள மருந்தாளுநர், அம்மாவின் பழைய கொள்முதல்களைப் பார்த்தாரா, பார்க்கும் வசதியைத் தாங்கள் அவருக்குக் கொடுத்திருக்கிறீர்களா என்பதற்கும் எழுத்தில் பதில் வேண்டும். அவர் ஒரு நாளைக்கு எத்தனை சீட்டுகளைச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நேரமே கொடுக்காமல் ஓர் ஊழியர் மீது பழியைப் போட்டுவிட்டு இந்த விவகாரத்தை முடித்துவிடக்கூடாது என்பதற்காகவே இதைக் கேட்கிறேன்.

மருத்துவமனைச் செலவைத் தங்கள் நிறுவனம் ஏற்க வேண்டும். ரசீதுகளின் நகல்கள் உள்ளன. அடுத்த கொள்முதலுக்கென்று தாங்கள் அனுப்பிய தள்ளுபடிக் கூப்பனை நான் பயன்படுத்தப் போவதில்லை. அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட அவசரமானது ஒன்று உண்டு. வார்ஃபரினோ அசெனோகூமராலோ தங்களிடம் வாங்குபவர்களில், இந்த மாதம் ஆன்டிபயாடிக்கோ பூஞ்சைத் தொற்றுக்கான ஃபுளுகோனசோலோ வாங்கியவர்கள் யார் யார் என்று தங்கள் கணினியில் இன்றே தேடிப் பார்க்க முடியும். அவர்கள் ஒவ்வொருவரையும் மருந்தாளுநர் தொலைபேசியில் அழைத்து, மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடாமல், உடனே ஐ.என்.ஆர். பார்த்துத் தம் மருத்துவரிடம் காட்டும்படி அவரவர் மொழியில் சொல்ல வேண்டும். இனி இத்தகைய சேர்க்கை வந்தால், மருந்தாளுநர் நோயாளியிடமோ மருத்துவரிடமோ பேசி உறுதி செய்யும்வரை பெட்டி கிளம்பாதபடி செயலியை மாற்ற வேண்டும். பெட்டிக்குள் தமிழில் ஓர் எச்சரிக்கைச் சீட்டும் இருக்க வேண்டும்.

இந்தப் பாதிப்பை, காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையத்தின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் வழியாகத் தெரிவித்துவிட்டேன். இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துபூர்வமான பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பதோடு, மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடமும் முறையிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நோயாளியின் மகள்

இணைப்பு: மருந்துச் சீட்டு, ரசீதுகள், ஐ.என்.ஆர். நோட்டின் நகல், மருத்துவமனை விடுவிப்புச் சுருக்கம், திரைப் பதிவுகள்.