யாழ். குடாநாட்டு நிலத்தடி நீருக்கான ஜனாதிபதி செயலணி: அமைக்கும் முறை பற்றிய கோரிக்கை மனு

பெறுநர்: ஜனாதிபதியின் செயலாளர், ஜனாதிபதி செயலகம், கொழும்பு 01.
ஊடாக: மாவட்டச் செயலாளர், யாழ்ப்பாணம்.

மதிப்பிற்குரிய ஐயா,

குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மாரி மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கித் தேங்குவதுதான் எங்கள் கிணற்று நீர். அந்த நன்னீர் உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவரும் இருப்பது இதனால்தான். இறைப்பால் நீர்மட்டம் ஒரு மீற்றர் இறங்கினால், கணக்குப்படி உவர் எல்லை சுமார் 40 மீற்றர் மேலே வர இடமுண்டு.

இந்த நீருக்கு ஒரே பொறுப்பாளர் இல்லை. ஆய்வு நீர்வளச் சபையிடம், குழாய்நீர் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடம், மலசலகூடக் குழிகள் உள்ளூராட்சி மன்றங்களிடம், மாசு மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடம், குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்திடமும் மாகாண நீர்ப்பாசனத் திணைக்களத்திடமும் உள்ளன. சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரத்தில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது 2019 ஏப்ரலில்தான். பல திணைக்களங்களை ஒரே மேசைக்குக் கொண்டுவரச் செயலணி நல்ல வழி என்பதாலேயே இம்மனுவைத் தருகிறோம். ஆனால் முன்னைய செயலணிகளின் குறைகள் இதில் தொடரக் கூடாது.

செயலணி வர்த்தமானிகளில், அரச அலுவலர்கள் அறிவுறுத்தல்களுக்கு இணங்க வேண்டும், தாமதங்கள் ஜனாதிபதிக்கு அறிவிக்கப்பட வேண்டும் என்ற வாசகம் வருவதுண்டு. அது கோப்பை நகர்த்தும். சட்ட அதிகாரத்தைத் தராது. அனுமதி வழங்குவதும் வழக்குத் தொடர்வதும் சட்டத்தால் அமைந்த நிறுவனங்களின் வேலை. ஆகவே மேற்சொன்ன ஒவ்வொன்றிலிருந்தும் கையொப்ப அதிகாரமுள்ள அலுவலரே உறுப்பினராக வேண்டும். பதிலுக்கு ஆள் அனுப்பினால், ‘மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன்’ என்பதோடு கூட்டம் முடிந்துவிடும்.

2020 இல் கிழக்கு மாகாணத் தொல்லியல் செயலணி அமைக்கப்பட்டபோது அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. அந்த மனத்தாங்கல் இன்றும் ஆறவில்லை. ஆழிப்பேரலைக்குப் பின் கடற்கரையில் கட்டடம் கட்டத் தடைசெய்யப்பட்ட வலயம் தெற்கில் 100 மீற்றர், வடக்குக் கிழக்கில் 200 மீற்றர் என்றானது. மாற்றுக் காணி கிடைக்குமுன் எல்லை போட்டதால் வீடுகள் தாமதித்தன. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தி, நவம்பரில் திரும்பப் பெற்றதும் அதே வகைத் தவறு. உரத்திலிருந்து கிணற்று நீரில் இறங்கும் நைத்திரேற்றைக் குறைக்கத் தடை வேண்டாம். வெங்காயத்துக்கு யூரியாவைப் பல தடவையாகப் பிரித்துப் போடுவதும், அளவோடு இறைப்பதும் வேண்டும். மாட்டெருவும் அளவு மீறினால் நைத்திரேற்றாகத்தான் கிணற்றில் இறங்கும். இயற்கை உரம் என்பதால் விலக்கில்லை.

முதல் வேலை அளவீடு. பிரதேச செயலகம் தோறும் நிரந்தரக் கிணறுகளைத் தெரிந்து, புரட்டாதிக் கடைசியிலும் தை மாதத்திலும், அதே கிணற்றில் அதே ஆழத்தில் மாதிரி எடுக்க வேண்டும். வாளியால் மேல்நீரை மட்டும் அள்ளினால் உவர் தெரியாது. நீரின் உப்பைக் காட்டும் மின்கடத்துதிறன், குளோரைட்டு, நைத்திரேற்று, மலக் கிருமி ஆகிய நான்கும் போதும். கிருமிப் பரிசோதனைக்கான நீரைக் கிருமி நீக்கிய போத்தலில், பனிக்கட்டியில் வைத்து அன்றே ஆய்வுகூடத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பிந்தினால் முடிவு நம்பத்தக்கதல்ல. நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்பட்ட கிணறுகளின் விபரம் கிராம அலுவலர் அலுவலகத்தில் தமிழில் ஒட்டப்பட வேண்டும். கைக்குழந்தைக்குப் பால்மா கரைப்பவர்களுக்கு அது உடனே தெரிந்தாக வேண்டும்.

அடுத்தது தொண்டைமானாறு, அரியாலை, அராலி உவர்நீர்த் தடுப்பணைகள். முதல் மழை உப்பைக் கழுவிக்கொண்டு வரும். அதைக் கடலுக்கு விட்ட பின்னரே கதவை மூட வேண்டும். முந்தி மூடினால் உப்பு உள்ளே நிற்கும், பிந்தினால் நன்னீர் போய்விடும். நாட்காட்டியை வைத்தல்ல, நீரின் மின்கடத்துதிறனை அளந்தே மூட வேண்டும். கதவுத் திருத்தம் ஆவணிக்குள் முடிய வேண்டும்.

செயலணியின் காலம் இரண்டு மாரிகளை உள்ளடக்கி 18 மாதமாக வர்த்தமானியிலேயே குறிக்கப்படட்டும். மூன்று மாதத்துக்கொருமுறை அறிக்கை தமிழிலும் வெளிவரட்டும். 2016 இன் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி தகவல் அலுவலர் ஒருவர் முதல் நாளிலேயே நியமிக்கப்படட்டும். காலம் முடிந்தபின் அளவீட்டைத் தொடரும் நிறுவனமும், அதற்கான வருடாந்த நிதி ஒதுக்கீடும் இப்போதே பெயர் சொல்லிக் குறிக்கப்பட வேண்டும்.

இக்கோரிக்கைகள் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை மாவட்டச் செயலாளர் ஊடாகத் தமிழில் அறியத்தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் ஆகிய இடங்களின் கமக்காரரும் கிணற்றுநீர்ப் பாவனையாளரும்
யாழ்ப்பாணம்