ரெப்போ இறங்கியது, கரையில் எதுவும் இறங்கவில்லை

ரிசர்வ் வங்கியின் நாணயக் கொள்கைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். பாம்பன் பக்கம் மீன் ஏலக் கூடத்தில் கணக்கு எழுதுகிறவன் நான். நீங்கள் ஆறு பேரும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மும்பையில் கூடி ரெப்போ வட்டியை, அதாவது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டியை, முடிவு செய்வதைத் தவறாமல் பார்ப்பேன். இந்தக் கரையில் அதைப் பார்க்கிறவர்கள் குறைவு. பார்த்து ஆகப்போவதும் குறைவு என்று சொல்லத்தான் இந்த மடல்.

2025-ல் நான்கு முறை வட்டியைக் குறைத்தீர்கள். 6.50 சதவீதமாக இருந்த ரெப்போ, டிசம்பரில் 5.25-க்கு வந்தது. மதுரையில் வீட்டுக்கடன் வாங்கியவருக்குத் தவணை குறைந்திருக்கும். சரி, ராமேஸ்வரத்திலும் மண்டபத்திலும் விசைப்படகு வைத்திருப்பவர் யாரிடம் கடன் வாங்குகிறார்? மீன் வியாபாரியிடம். அதை முன்பணம் என்பார்கள். வட்டி என்று ஒரு ரூபாய் கேட்க மாட்டார்கள். ஆனால் பிடித்து வரும் இறால், நண்டு, கணவாய் எல்லாவற்றையும் அவரிடமே போட வேண்டும், அவர் சொல்லும் விலைக்கு.

ஒரு பேச்சுக்கு முன்பணம் 3 லட்சம் என்று வையுங்கள். வெளி விலையைவிடக் கிலோவுக்கு 20 ரூபாய் குறைத்து எடுக்கிறார். மாதம் 400 கிலோ போட்டால் 8,000 ரூபாய் போச்சு. மீன்பிடித் தடைக்காலம் இரண்டு மாதத்தைக் கழித்தாலும் வருடத்துக்கு 80,000. நூற்றுக்கு 26 ரூபாய்க்கு மேல் வட்டி, அதுவும் அசலில் ஒரு பைசா குறையாமல். ஏலச் சீட்டில் ஐஸ், டீசல், பேட்டா, கமிஷன் எல்லாம் தனித்தனியாக எழுதியிருக்கும். இந்த 20 ரூபாயை மட்டும் எங்கேயும் எழுதுவதில்லை. எழுதுகிறவன் நான்தான், அதனால் தெரியும்.

நீங்கள் குறைத்த ஒன்றேகால் சதவீதம் இந்த வட்டியை எப்படித் தொடும்?

வியாபாரியைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். ஆனால் ராத்திரி இன்ஜின் போனால் விடிவதற்குள் பணம் தருகிறவர் அவர்தான். வங்கி தயங்குவதிலும் நியாயம் இருக்கிறது. எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடித்துப்போன படகை அங்குள்ள நீதிமன்றம் அரசுடைமை ஆக்கிவிடுகிறது. அப்படிப்பட்ட சொத்தை நம்பி யார் கடன் கொடுப்பார்கள்? விவசாயிகளுக்கு இருந்த கிசான் கிரெடிட் கார்டுக் கடன் மீனவர்களுக்கும் உண்டு என்று 2018-19 பட்ஜெட்டில் சொன்னார்கள். ஒழுங்காகத் திருப்பிக் கட்டினால் மானியம் போக 4 சதவீத வட்டிதான். இதைவிட நல்ல கடன் நாட்டில் ஏது? ஆனால் கிளையில் போய் நின்றால் முதலில் கேட்பது நிலத்துப் பட்டா. கடலுக்கு யார் பட்டா தருவார்கள்?

கடல்பாசி எடுக்கும் பெண்களுக்கு இருப்பது நகைக்கடனும் குழுக்கடனும். குறுங்கடன் நிறுவனங்களுக்கு இருந்த வட்டி உச்சவரம்பை 2022-ல் உங்கள் வங்கிதான் எடுத்துவிட்டது. ரெப்போ குறைந்தது என்பதற்காக வாரத் தவணை வாங்க வருகிறவர் பத்து ரூபாய் குறைத்துக் கேட்டதாக இதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை.

கரைக்கு வேகமாக வந்து சேர்வது தில்லியின் வரிதான். 2020-ஐ நினைத்துப் பாருங்கள். கொரோனா நேரம். மார்ச் மாதமும் மே மாதமும் நீங்கள் வட்டியைக் குறைத்து 4 சதவீதத்துக்குக் கொண்டுவந்தீர்கள். அந்த இரண்டுக்கும் நடுவில், மே மாத ஆரம்பத்தில், மத்திய அரசு டீசல் மீதான கலால் வரியை லிட்டருக்கு 13 ரூபாய் ஏற்றியது. உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விழுந்து கிடந்ததால் அன்று யாருக்கும் வலிக்கவில்லை. ஜூனில் டீசல் விலை நாள்தோறும் ஏறியபோதுதான் தெரிந்தது. கஜானா காலியாக இருந்தது, ரேஷன் அரிசி கொடுக்க வேண்டியிருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு கை கொடுத்ததை இன்னொரு கை எடுத்தது. எங்களுக்குக் கொடுத்த கை எட்டவில்லை, எடுத்த கை எட்டியது. படகு டீசலுக்கு மாநில விற்பனை வரி விலக்கு உண்டு, அளவு வைத்துத் தருகிறார்கள். மத்தியக் கலால் வரிதான் அப்படியே நிற்கிறது.

2022 மே மாதம் வேறு மாதிரி நடந்தது. உக்ரைன் போரால் விலைவாசி ஏற, மாதத் தொடக்கத்தில் திடீரென்று கூடி வட்டியை 0.40 ஏற்றினீர்கள். அதே மாதம் 21-ம் தேதி அரசு டீசல் வரியில் 6 ரூபாய் குறைத்தது. நீங்கள் தேவையை அடக்க, அவர்கள் செலவைக் குறைத்தார்கள். படகுக்காரருக்கு அந்த 6 ரூபாய் மறுநாளே சீட்டில் தெரிந்தது.

உடனே, வட்டியைத் தரைமட்டமாக்கு, நோட்டை அடித்துக் கொடு என்று கேட்க வந்திருக்கிறான் என்று நினைத்துவிடாதீர்கள். அது எங்கே கொண்டுபோய் விடும் என்று இந்தியாவில் எங்களைவிடக் கிட்டத்தில் பார்த்தவர்கள் கிடையாது. 2022 மார்ச் 22 அன்று தனுஷ்கோடிப் பக்கம் இலங்கையிலிருந்து 16 பேர் குழந்தைகளோடு வந்து இறங்கினார்கள். போர் முடிந்து பதின்மூன்று வருடம் ஆகப்போகிறது, இப்போது எதற்கு அகதி? பால்மா (பால் பவுடர்) கிடைக்கவில்லை, அரிசி வாங்கக் கட்டுப்படியாகவில்லை என்றார்கள். மண்டபம் அகதி முகாமுக்கு அப்புறமும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

கொழும்பில் 2019 கடைசியில் மதிப்புக் கூட்டு வரியை 15-லிருந்து 8 சதவீதமாக வெட்டினார்கள். வருமானம் சரிந்தது, வெளியே கடன் கிடைக்காமல் போனது. பற்றாக்குறைக்கு மத்திய வங்கி அரசின் கடன் பத்திரங்களைத் தானே வாங்கிப் பணத்தை உண்டாக்கியது. அதே நேரம் இலங்கை ரூபாய் மதிப்பை டாலருக்கு 200 அளவில் பிடித்து நிறுத்த டாலர் கையிருப்பையும் கரைத்தார்கள். 2022 மார்ச்சில் பிடியை விட்டார்கள், ரூபாய் விழுந்தது. ஏப்ரலில் வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். அந்த மாதமே வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளி ஏற்றியும், செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. அரசுக்கு மத்திய வங்கி நேரடியாகக் கடன் கொடுக்கக் கூடாது என்று 2023-ல்தான் சட்டம் போட்டார்கள். நம் நாட்டில் 2006 ஏப்ரலிலிருந்தே அந்த வழி பெரும்பாலும் அடைபட்டிருக்கிறது. அது அப்படியே இருக்கட்டும்.

இன்னொன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. மீன் விலை ஏறும், அதுவும் உங்கள் 4 சதவீத பணவீக்க இலக்குக் கணக்கில் சேரும். அந்த ஏற்றம் விசைப்படகுக்காரருக்கு வருவதில்லை, அவருக்கு விற்க மீனே இல்லையே. வீட்டில் அடுப்பெரிவது மாநில அரசு தரும் 8,000 ரூபாய் நிவாரணத்தில். நீங்கள் வட்டியை ஏற்றினாலும் இறக்கினாலும் அந்த இரண்டு மாதத்தில் மீன் வரத்துக் கூடாது.

நான் கேட்பது இவ்வளவுதான். வட்டிக் குறைப்பு மக்களைச் சேர்ந்ததா என்று உங்கள் அறிக்கையில் எழுதும்போது வங்கிக் கடனை மட்டும் பார்த்து எழுதாதீர்கள், முன்பணத்தையும் கணக்கில் எடுங்கள். குடும்பங்களிடம் விலைவாசி பற்றிக் கேட்டு நீங்கள் நடத்தும் நகர்ப்புறக் கணக்கெடுப்பில் 19 ஊர்கள், தமிழ்நாட்டிலிருந்து சென்னை மட்டும். கடற்கரைக்கும் ஆள் அனுப்புங்கள். குழுவில் மூன்று பேர் ரிசர்வ் வங்கிக்காரர்கள்தானே, அவர்களிடம் தனியாக ஒன்று: பட்டாவுக்குப் பதிலாக, கடலுக்குப் போகும் முன் மீன்துறை தரும் டோக்கனையும் ஏலச் சீட்டையும் வைத்து மீனவர் கார்டு கொடுக்கவும், தடைக்கால இரண்டு மாதம் தவணை இல்லாமல் அட்டவணை போடவும் வங்கிகளுக்குச் சொல்லுங்கள். கலால் வரி உங்கள் கையில் இல்லை. ஆனால் டீசல் வரி விலைவாசியை என்ன செய்கிறது என்று அரசிடம் 2021-லும் எடுத்துச் சொன்னவர்கள்தான் நீங்கள். படகு டீசலுக்காகவும் ஒருமுறை சொல்லுங்கள்.

சீட்டுகளைப் பார்க்க வேண்டுமென்றால், படகுப் பெயரையும் வியாபாரி பெயரையும் மறைத்து நகல் எடுத்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
பாம்பன் கரையிலிருந்து ஒரு கணக்கர்