கொக்கி மாட்டுறவன யாரு பாக்குறது?

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

நான் போடி பக்கம் குரங்கணி ரோட்டுல இருக்கேன், பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்கிட்டு வந்தவன். 2025 அக்டோபர்ல ஜனாதிபதி சபரிமலைக்கு வந்தப்ப பத்தனம்திட்டா பிரமாடத்துல காயாத கான்கிரீட்ல ஹெலிகாப்டர் சக்கரம் பதிஞ்சு, போலீஸும் ஃபயர் சர்வீஸும் சேந்து தள்ளுனாங்கள்ல, அந்த வீடியோவ எங்க டீக்கடையில இன்னும் ஓட்டிக்கிட்டு இருக்காய்ங்க. மலைக்கு அங்கிட்டு நடந்ததுங்கிறதால கூட கொஞ்சம் சிரிப்பு. அதுல ஒரு தம்பி, இதென்ன பிரமாதம், கேதார்நாத்துல ஹெலிகாப்டரையே கட்டித் தூக்கிட்டுப் போயி கீழ போட்டாய்ங்கன்னு அடுத்த வீடியோவப் போட்டான். எனக்கு சிரிப்பு வரல, அதான் எழுதுறேன்.

அது 2024 ஆகஸ்ட் 31. மே மாசம் கோளாறாகி அங்க எறங்குன ஒரு தனியார் ஹெலிகாப்டர, விமானப்படையோட எம்ஐ-17ங்கிற பெரிய ஹெலிகாப்டர் தொங்கவிட்டு உத்தராகண்ட்லயே கௌச்சர்ங்கிற ஊருக்குக் கொண்டு போச்சு, கொஞ்ச தூரத்துலயே காத்துலயும் கனத்துலயும் பேலன்ஸ் போயிருச்சு, சுமைய விட்டுட்டாங்க. ஆளில்லாத எடத்துல விழுந்ததால யாருக்கும் ஒண்ணும் ஆகல. கயிறு அறுந்துருச்சுன்னுதான் பாதிப் பேரு இன்னும் நெனச்சுக்கிட்டு இருக்காங்க. பைலட்ட திட்டுறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், தொங்குற சுமை அடங்காம ஆட ஆரம்பிச்சா விட்டுத்தான் ஆகணும், இல்லேன்னா மேல இருக்கறதையும் சேத்து இழுத்துரும், அதுக்குன்னேதான் சுமை தொங்குற கொக்கியில, உள்ள இருந்தே கழட்டி விடுற ரிலீஸ் வச்சிருக்கான்.

நான் சர்வீஸ்ல கொஞ்ச காலம் அந்தக் கொக்கி மாட்டுற வேலை பாத்தவன். தலைக்கு மேல நாலு ஆள் ஒசரத்துல ஹெலிகாப்டர் மெஷின் நிக்கும், ஜல்லியெல்லாம் பறந்து முழங்கால்ல அடிக்கும், பக்கத்துல நிக்கிறவன் கத்துறது கேக்காது, கை ஜாடைதான். றெக்கை சுத்துறதுல மெஷின் ஒடம்புல கரண்ட் ஏறி நிக்கும், அதனால மொதல்ல எர்த் கம்பிய கொக்கியில வைக்கணும், டப்புன்னு ஒரு பொறி பறக்கும், அப்புறந்தான் கை வைக்கணும். தென்காசிப் பையன் ஒருத்தன் அவசரத்துல வெறுங்கையில தொட்டு மல்லாக்க விழுந்தான், பொழச்சுக்கிட்டான், ஆனா மறு வாரம் வரைக்கும் கரண்டிய ஒழுங்கா பிடிக்க முடியல.

இன்னொண்ணு, சிமெண்ட் மூட்டை மாதிரி கனமான சாமான் அடக்கமா வரும். தகரம், பலகை, எறக்கிட்டுத் திரும்புற காலி வலை, இந்த லேசான சாமான்தான் காத்துல மேல ஏறி வாலுல இருக்கற சின்ன றெக்கைய தேடிப் போகும். 2017 அக்டோபர் 6ல தவாங் பக்கம் மண்ணெண்ணெய் கேன் போடப் போன எம்ஐ-17 விழுந்து 7 பேரு போனாங்களே, அதுல கேனோட பாராசூட்டு வால் றெக்கையில சிக்குனதாத்தான் அப்ப சொன்னாங்க. மெஷின் மேல குத்தம் தேடுறதுக்கு முந்தி சாமான எப்படிக் கட்டுனாங்கன்னு பாக்கணும்ங்கிறது அதனாலதான்.

இத ஏன் போடியில உக்காந்து பேசுறேன்னு கேப்பீங்க. 2018ல குரங்கணி காட்டுத்தீ, 2024ல வயநாடு நிலச்சரிவு, ரெண்டுலயும் ஹெலிகாப்டர் வந்துச்சு, இனியும் எங்க மலைக்கு வரும். எங்களுக்கு சாமான் தூக்குறது புதுசு இல்ல, மலை மேல டாப் ஸ்டேஷன்ல இருந்து கீழ கொட்டகுடிக்கு தேயிலை ரோப்வேயிலதான் எறங்குச்சு, மேல மூணாறுல இருந்து வந்த குட்டி ரயிலு 1924 வெள்ளத்தோட போச்சு. எங்க மலையில ஊத்துக்காடு பக்கம் எலெக்‌ஷன் வந்தா ஓட்டு மெஷின் குதிரை முதுகுலதான் போயிருக்கு. பொதிக்குதிரைக்காரங்களுக்கு எந்தப் பக்கம் எத்தனை கிலோ வச்சா சாயாதுன்னு கண்ணால பாத்தே தெரியும், பட்டாளத்துல எங்களுக்கு மூணு மாசம் ஆச்சு அது கையில வர. (எங்க மாமா ஒரு பக்கம் அரிசி, ஒரு பக்கம் கோழிக்கூண்டு கட்டுவாரு, ஒரு கல்ல வச்சு சரி பண்ணிருவாரு.)

அதனால கலெக்டர் ஆபீஸ்காரங்க அந்தப் பொதிக்குதிரைக்காரங்கள்ல ஒரு பத்துப் பேர கூப்பிட்டு, ஹெல்மெட், கண்ணாடி, ரப்பர் கையுறை குடுத்து, விமானப்படைய கேட்டு ரெண்டு நாள் கொக்கி மாட்டப் பழக்கி விடணும். நாள் கூலிக்கு யாராச்சும் கிடைச்சவன அன்னைக்கு காலையில கொக்கிக்குக் கீழ நிறுத்துறது வேணாம். சுமை போற வழியில ஏலத்தோட்டத்துல ஆளு நிக்காமப் பாத்துக்கவும் ஊருக்காரன்தான் சரி, எந்தப் பாதையில யாரு வருவாங்கன்னு அவனுக்குத்தான் தெரியும்.

எனக்கு மூட்டு வலி, மலையேற முடியாது. ஆனா எர்த் கம்பிய எப்படிப் பிடிக்கணும்னு காட்டித்தர போடி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வர்றேன், பஸ் காசு கூட வேணாம்.

இப்படிக்கு,
முன்னாள் ராணுவக்காரன்,
குரங்கணி ரோடு, போடிநாயக்கனூர்