வலையமைப்புப் பாடமும் செய்முறைத் தேர்வும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கணினி வலையமைப்பின் உயர்நிலைப் பாடங்களை வினா-விடைத் தொகுப்புகளை மனப்பாடம் செய்தே முடித்துவிடும் போக்கு கவலைக்குரியது. இரண்டு ரவுட்டர்களுக்கு இடையே, பாதைத் தகவலைப் பரிமாற உதவும் ஓஎஸ்பிஎஃப் நெறிமுறையை அமைக்கும்போது, எம்டியு (ஒரே பொட்டலத்தில் அனுப்பக்கூடிய அதிகபட்ச தரவு) அளவு ஒருபுறம் 1500 பைட், மறுபுறம் 1400 பைட் என மாறுபட்டிருந்தால், அவை ஒன்றையொன்று அடையாளம் கண்டபின்னும் தரவுத்தளத்தைப் பரிமாறிக்கொள்ள இயலாமல் இடையிலேயே நின்றுவிடும். இணைப்பு உள்ளதா எனச் சோதிக்கும் சாதாரண 'பிங்' கட்டளைக்கோ வழக்கம்போல் பதில் வந்துகொண்டிருக்கும். இம்முரணை, வலையமைப்பில் செல்லும் தரவைப் பதிவுசெய்து காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் பொட்டலம் பொட்டலமாகப் பிரித்துப் பார்த்து, காரணத்தைத் தாமே கண்டறிந்த மாணவர் அதை எளிதில் மறப்பதில்லை. விலையுயர்ந்த கருவிகள் வேண்டும் என்பது பெரும்பாலும் சாக்குப்போக்கே. ஜிஎன்எஸ்3 போன்ற இலவச மென்பொருளைக் கொண்டு (வேகம் சற்றுக் குறைந்தாலும்) ஒரே கணினியில் பல ரவுட்டர்களை மெய்நிகராக இயக்கலாம். ஆகவே, பயிற்சி நிறுவனங்கள் வேண்டுமென்றே பழுதாக்கிய வலையமைப்பைக் கொடுத்துச் சரிசெய்யச் சொல்வதையும் தேர்வின் பகுதியாக்க வேண்டும்.

இப்படிக்கு,
வலையமைப்புப் பொறியாளர் ஒருவர்